கடைவாசலில் துரையின் பேனர்

அத்தியாயம் பதினொன்று

துரை செத்த சேதி அருப்புக்கோட்டை பஜாருக்குள் நுழைந்து, சந்து பொந்தெல்லாம் சுற்றி, பந்தல்குடிக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, துரை ஐந்து திருடர்களோடு ஒற்றை ஆளாகச் சண்டை போட்டு வீர மரணம் அடைந்ததாக மாறியிருந்தது.

துரை நாய் என்பது கூடவே நடந்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அருஞ்சுனையின் காராச்சேவுக் கடை வாசலில் பதின்மூன்று வருஷமாகப் படுத்திருந்த செவலை நாய் அது. உடம்பெல்லாம் முடி. அந்த முடி சும்மா கொட்டாது. ஆளைப் பார்த்து, ஆசையாகத் தாவி ஒட்டிக்கொள்ளும். துரையை ஒரு தடவை தடவிக் கொடுத்தவர் வீட்டில் மறு தீபாவளி வரைக்கும் சோற்றில் முடி கிடக்கும்.

அவனுக்குக் கடையில் ஓர் உத்தியோகமும் இருந்தது. காலையில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து இறங்கும் முதல் ஈட்டில் ஒரு கை சேவு துரைக்கு. அவன் கடித்து, கண்ணை மூடி, வாலை ஆட்டினால்தான் வியாபாரம் தொடங்கும். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றால் அந்த ஈட்டில் ஏதோ குறை. வருகிற கிராக்கிகளிடம் எல்லாம் அருஞ்சுனை நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார், ஊரிலே ஆயிரம் சேவுக் கடை இருக்கலாம், முத்திரை குத்தித் தருகிற நாக்கு என் துரையிடம் மட்டும்தான் இருக்கிறது என்று.

அந்த நாக்குதான் கடைசியில் கஞ்சியைக்கூடத் தொட மறுத்தது. பின்னங்கால்கள் மடங்கிப் போயின. கால்நடை டாக்டர் சுகப்பிரியா ரத்தம் எடுத்துப் பார்த்து, கிட்னி இரண்டும் போய்விட்டது, இனித் தேறாது என்றார். தினமும் என்ன சாப்பிடுவான் என்று கேட்டார். அருஞ்சுனை பெருமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

“வயசும் ஒரு காரணம்தான் ஐயா. ஆனா தினம் இவ்வளவு உப்பும் காரமும் எண்ணெயும் அவன் ஒடம்புக்கு வெஷம்.”

வலியில் கிடக்க விடாமல் மயக்க ஊசி போட்டு அனுப்பிவிடலாம், ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், கடைசியில் அவனுக்கு உங்கள் வாசனை தெரிய வேண்டும் என்றும் சொன்னார். அருஞ்சுனை தலையாட்டினார். வீட்டில் வந்து, எல்லாம் வயசுதான் என்று மட்டும் சொன்னார். விஷம் என்ற சொல்லை முழுங்கிவிட்டார்.

ஊசிக்குக் குறித்த நாளில் என்ன செய்தார்? துரையைக் கடையின் லோடு ஆட்டோவில் ஏற்றி, ஓட்டுகிற பாண்டிராஜிடம், நீ முன்னால போ, நான் பின்னாலயே வாரேன் என்றார். அவருடைய வண்டிக்குத்தான் என்ன புத்தி கெட்டதோ, ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே பந்தல்குடிக்கு ஓடி, ஒரு டீக்கடை வாசலில் போய் நின்றுகொண்டது. போன வாரம் அவரை அங்கேதான், லாரிகளுக்கு நடுவே, அணைத்து வைத்த போனும் ஆறிப்போன டீயுமாக விட்டிருந்தோம்.

சாயங்காலம் வீடு திரும்பி, முடிஞ்சிருச்சு என்றார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் தங்கச்செல்விக்குப் போன் போட்டார். பள்ளிக்கூடப் பையில் புத்தகத்தை எல்லாம் கொட்டிவிட்டு, கண் திறக்காத துரையை அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தவள் அவள். என்னால உடனே வர முடியாமப் போச்சுன்னா நீங்களாவது பக்கத்துல இருங்கப்பா என்று சத்தியம் வாங்கியிருந்தவள்.

“என் மடியிலதான் பாப்பா தலைய வச்சிருந்தான்” என்றார் அருஞ்சுனை.

இது மூன்றாம் நாள்.

கடை வாசலில் பேனர் தொங்கியது. பக்கத்து ஜவுளிக்கடை வீரபத்திரன், அருஞ்சுனையோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து படித்துச் சேர்ந்து பெயிலானவர், தன் செலவில் அடித்துக் கட்டியது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துகளை மதுரையிலிருந்தே படிக்கலாம். நீல மேகத்துக்கு நடுவே, மாலை போட்ட துரை. இரண்டு பக்கமும் புறா. கீழே வரிசையாகப் பஜார் நண்பர்கள் கைகூப்பியபடி. வீரபத்திரனின் படம் மட்டும் துரையைவிட ஒரு சுற்றுப் பெரிது.

அந்தப் பேனருக்கு அடியில்தான் அருஞ்சுனை உட்கார்ந்து தராசில் சேவு நிறுத்தார். வந்தவர்கள் எல்லாம் கால் கிலோ வாங்கி, அரைக் கிலோ துக்கம் விசாரித்தார்கள். எப்படிப் போச்சு அண்ணாச்சி என்று கேட்டார்கள். அவரும் சொல்ல வேண்டியதாயிற்று.

முதலில் கேட்டவரிடம் துரை மடியில் தலை வைத்திருந்தான். அடுத்தவரிடம், தலை வைத்தபடியே கையை நக்கினான். அதற்கடுத்தவரிடம் கண்ணில் நீர் கோத்தான். பொய் என்பது உளுந்த மாவு மாதிரி, ஆட்ட ஆட்டப் பொங்கும். மத்தியானத்துக்குள் துரை வாயைத் திறந்து ‘போயிட்டு வாரேன் அண்ணாச்சி’ என்றே சொல்லியிருப்பான். நடுவில் அவர் சம்சாரம் கஸ்தூரி மோர்ச் செம்போடு வந்துவிட்டாள்.

கடைசிக் கிராக்கி போகும்வரை அவள் ஓரமாக நின்றாள். பிறகு மோரை நீட்டிவிட்டு, பேனரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னைக்கு நீங்க கழத்திப் போட்ட வேட்டிய நான்தான் தொவைச்சேன். ஒத்த முடி இல்ல.”

அருஞ்சுனை மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

“எனக்கு ஒண்ணும் நீங்க சொல்ல வேணாம். முப்பது வருசமாப் பாக்குறேன், ஒரு எலி சாகுறதக்கூடப் பாக்க மாட்டீக. பாப்பா வந்துக்கிட்டு இருக்கா. அவகிட்ட என்ன சொல்லப் போறீக?”

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தங்கச்செல்விதான். மதுரைக்கு வந்துவிட்டாளாம், அருப்புக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டாளாம். மாட்டுத்தாவணியில் ஒரு நந்தியாவட்டைச் செடி வாங்கியிருக்கிறாளாம், துரையைப் புதைத்த இடத்தில் வைக்க. எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள்.

அருஞ்சுனை அதைப் பாண்டிராஜிடம்கூடக் கேட்டிருக்கவில்லை. கேட்டால் எப்படிச் செத்தான் என்பதும் காதில் விழுந்துவிடுமே என்று பயம். அன்றிலிருந்து பாண்டிராஜும் காய்ச்சல் என்று வேலைக்கு வரவில்லை. அது ஒரு விதத்தில் அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது.

“பாண்டி ஊர்லதான் பாப்பா” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

ஜவுளிக்கடை வாசலில் நின்ற வீரபத்திரனுக்குப் பாம்புச் செவி. அப்படின்னா இன்னைக்கு மூணாம் நாளாச்சே, குழியில பால் ஊத்தணும்லே என்றார். நாய்க்கு என்ன பால் ஊத்துவது என்று அருஞ்சுனை முனகினார். மனுசனுக்கே ஊத்துறோம், நம்ம துரைக்கு ஊத்தாம விட்டா பஜார் தாங்குமா என்று கேட்டுவிட்டு, வீரபத்திரன் வேனுக்குச் சொல்லிவிடப் போய்விட்டார். பாப்பா வந்து இறங்கியதும் எல்லாரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு.

பாண்டிராஜின் போன் அணைந்து கிடந்தது. அருஞ்சுனை கல்லாவைக் கஸ்தூரியிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். கூட்டம் வருவதற்கு முன்னால் போய்ப் புதைத்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தன் மடியில் செத்த நாயின் குழி எங்கே இருக்கிறது என்று தேடுகிற ஒரே மனுசன் இந்தப் பூமியில் நாமாகத்தான் இருப்போம் என்று நினைத்தபோது, ஹெல்மெட்டுக்குள் முகம் சுட்டது.

திருச்சுழி ரோட்டில் அன்றைக்கு அடித்த வெயிலுக்கு, சீமைக்கருவேல மரமே நிழல் தேடி நடந்து போயிருக்கும், வேர் இருந்த ஒரே காரணத்தால் நின்றது. கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையை ஒட்டிப் பாண்டிராஜின் வீடு.

வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் பாண்டிராஜின் மனைவி அழகுத்தாய். அருஞ்சுனையைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஏங்க, அவுக வந்துட்டாக என்று குசுகுசுப்பது வெளியே கேட்டது.

அப்போதுதான் வேப்பமரத்தடியில் ஏதோ தட்டுகிற சத்தம் வந்தது. மெதுவாக, சாக்கில் துடைப்பம் விழுகிற மாதிரி.

கடலை மாவுச் சாக்கின் மேல் துரை படுத்திருந்தான். வால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அருஞ்சுனை ஓடத்தான் பார்த்தார். பட்டப்பகலில், மாலை போட்டு மேகத்தில் ஏற்றிவிட்ட நாய் எதிரே கிடந்தால் எந்த வீரனும் ஓடத்தான் செய்வான். ஆனால் துரையின் மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தது. ஆவியை ஈ மொய்க்காது. அவர் நின்றுவிட்டார்.

பாண்டிராஜ் தலையைச் சொறிந்தபடி வெளியே வந்தான். காய்ச்சலுக்கான அடையாளம் ஒன்றும் இல்லை.

“டாக்டரம்மா, ஓனரு வராம ஊசி போட மாட்டேன்னுட்டாக அண்ணாச்சி. போன் அடிச்சேன், அணைச்சு வச்சிருந்தீக. காத்துக் கெடந்து பாத்துட்டு, சரி, நேர்ல சொல்லுவோம்னு அந்தியில ஆட்டோவ பஜாருக்கு விட்டேன். அங்க பாத்தா நீங்க அழுதுக்கிட்டு இருக்கீக. சுத்திக் கூட்டம். பேனருக்கு அளவு எடுக்குறாக. செத்தவன உயிரோட கொண்டாந்து எறக்க எனக்குத் தைரியம் வரல. முக்குலயே திருப்பிட்டேன்.”

அருஞ்சுனையால் அவனைத் திட்டவும் முடியவில்லை. தான் ஓடிய ஓட்டத்தின் மிச்சத்தைத்தான் அவனும் ஓடியிருக்கிறான்.

டாக்டரம்மா கொடுத்துவிட்ட வலி மருந்தை வேளைக்கு ஊற்றி வந்ததாக அழகுத்தாய் சொன்னாள். நேற்றிலிருந்து அதுவும் இறங்கவில்லை, துணியை நனைத்து உதட்டைத் துடைத்து விடுகிறேன், ராத்திரியெல்லாம் முனகுறான் என்றாள்.

அருஞ்சுனை குத்தவைத்து உட்கார்ந்து கையை நீட்டினார். துரை முகர்ந்தான். கஞ்சியைத் தொடாத அந்த நாக்கு வெளியே வந்து அவருடைய உள்ளங்கையை நக்கியது. மிளகாய்த்தூளும் பூண்டும் உப்பும் எண்ணெயும் நாற்பது வருஷமாக ஊறிய கை. எந்தச் சோப்புக்கும் போகாத வாசனை. டாக்டரம்மா சொன்ன விஷம், அதற்கு ஆசையாக இருந்தது. அவர் கையை வெடுக்கென்று இழுத்து வேட்டியில் துடைத்தார்.

பாண்டிராஜ் பக்கத்தில் வந்து குனிந்தான். அவன் சொன்னது இதுதான். நடந்தது நடந்துவிட்டது. டாக்டரம்மா இன்றைக்கு வீரசோழன் பக்கம் ஆட்டு முகாமில்தான் இருக்கிறார், கூப்பிட்டால் வந்துவிடுவார். மருதாணிச் செடி ஓரமாகக் குழி வெட்டி முடிக்க எவ்வளவு நேரமாகிவிடும்?

“பாப்பா வரும்போது எல்லாம் நீங்க சொன்னபடியே இருக்கும் அண்ணாச்சி. வெளிய தெரியாது.”

அருஞ்சுனை அவனைப் பார்த்தார். மகள் அருப்புக்கோட்டையை நெருங்கிக்கொண்டிருப்பாள். கையில் நந்தியாவட்டை. உண்மையைச் சொன்னால் அவள் துரையை உயிரோடு ஒரு தடவை பார்ப்பாள், அப்பனை இனி ஒருநாளும் பழைய கண்ணோடு பார்க்க மாட்டாள். சொல்லாவிட்டால் அவர் மானம் பிழைக்கும். துரையை மட்டும் அவள் பார்க்கப் போவதில்லை.

அவர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். உடனே வரச் சொன்னார்.

அவமானம் ஒரு மனுசனை எவ்வளவு சுறுசுறுப்பாக்கிவிடும் என்பதை அன்றைக்கு அந்த ஊர் பார்த்தது. பாண்டிராஜ் கடப்பாரையை எடுத்தான். அருஞ்சுனை, சேவுக் கரண்டியைத் தவிர வேறெதையும் தூக்கியறியாதவர், மண்வெட்டியைப் பிடித்தார். கண்மாய்க் கரை மண் பாறையாக இருந்தது. அவர் வெட்டிய வெட்டில் மண்வெட்டிக்குத்தான் காயம். துரை சாக்கில் படுத்தபடி, அவர்கள் வெட்டுவதை ஏதோ தனக்கு வேலை நடக்கிறது என்கிற கௌரவத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் சுகப்பிரியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். துரையின் ஈறைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றார். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று அருஞ்சுனைக்கு இருந்தது.

வீட்டில் எல்லாரும் பார்த்தாகிவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

“நான் இருக்கேன்ல டாக்டரம்மா. அது போதும்.”

அவர் பையைத் திறந்தார். அருஞ்சுனை சாக்கின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துரை முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கி, அவர் மடியில் தலையைக் கொண்டு வந்து வைத்தான்.

மூன்று நாளாக ஊருக்கே சொல்லி வந்தது இப்போதுதான் நடந்தது. சொன்ன கதையில் அந்தத் தலைக்குக் கனமே இல்லை. இங்கே அது கருங்கல் மாதிரி இருந்தது. சூடாகவும் இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் தொடையில் ஈரம் பட்டது. துரை கண்ணை உயர்த்தி அவரைப் பார்த்தான். பிறகு அவருக்குப் பின்னால், ரோட்டுப் பக்கம் பார்த்தான். வந்துகொண்டிருக்கிறவளைத் தேடினான் என்று சொன்னால் அது நம் கற்பனை. ஆனால் அருஞ்சுனைக்கு அப்படித்தான் பட்டது.

“கொஞ்சம் பொறுங்க டாக்டரம்மா” என்றார்.

போனை எடுத்தார். விரல் தவறி முதலில் கடலை மாவு மொத்த வியாபாரிக்குப் போனது. அதை வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினார். தங்கச்செல்வி எடுத்தாள். பின்னால் வேன் இரைச்சல், அதற்கு மேலே வீரபத்திரனின் குரல்.

“பாப்பா. துரை சாகல. இங்கதான் இருக்கான்.”

போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

“அன்னைக்கு நான் போகவே இல்லத்தா. பயந்துக்கிட்டு ஓடிட்டேன். ஒங்கிட்ட சொன்னது பூராம் பொய்யி. நீ வா. நீ வர்ற வரைக்கும் ஊசி போட விடமாட்டேன்.”

போன் வெட்டிக்கொண்டது. சிக்னல் போயிற்றா, அவளே வெட்டினாளா என்பது தெரியவில்லை. சிக்னல் என்று நினைத்துக்கொள்ள அவர் படாத பாடு பட்டார். டாக்டரம்மா வலிக்கு மட்டும் ஓர் ஊசியைத் துரைக்குப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தார். அழகுத்தாய் அவருக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

கண்மாய்க் கரையில் புழுதி எழுந்தது. ஒரு வேன் என்றுதான் ஏற்பாடு. வந்ததோ பாதிப் பஜார். கதவைத் திறந்ததும் ஜனம் இறங்கிக்கொண்டே இருந்தது, அந்த வேனுக்குள் இன்னொரு வேன் இருந்திருக்க வேண்டும். முன்னால் வீரபத்திரன், ஒரு கையில் மாலை, மறு கையில் பால் சொம்பு. தங்கச்செல்வி போனில் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை என்பது அந்தச் சொம்பைப் பார்த்ததுமே தெரிந்தது.

வீரபத்திரன் துரையைப் பார்த்தார். துரை வீரபத்திரனைப் பார்த்தான். பழகிய ஆள் என்பதால் வாலை ஒரு தடவை ஆட்டினான். வாய் ஓயாத அந்த மனிதர், பாலை ஊற்றவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார். நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேனரில் கைகூப்பி நின்ற அத்தனை முகமும் இப்போது அருஞ்சுனையைப் பார்த்தன. ஒருவர்கூடத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கஸ்தூரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேட்டியைப் பார்த்தாள். வெள்ளை வேட்டி முழுக்கச் செவலை முடி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

தங்கச்செல்வி நந்தியாவட்டைத் தொட்டியை, வெட்டிப் பாதியில் நிறுத்தியிருந்த குழிக்குப் பக்கத்தில் வைத்தாள். குழியை ஒரு கணம் பார்த்தாள். அது எதற்கு அவசரமாக வெட்டப்பட்டது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அருஞ்சுனைக்கும் புரிந்தது. அவள் வந்து சாக்கில் உட்கார்ந்து, அவர் மடியிலிருந்து துரையின் தலையை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். துரையின் காதுக்குள் என்னவோ பேசினாள். அவன் முனகலை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

வெகுநேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள்.

“எதனால டாக்டர்? அப்பா வயசுன்னு சொன்னாரு. வயசு மட்டும்தானா?”

டாக்டரம்மா அருஞ்சுனையைப் பார்த்தார். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை.

பஜாரே நின்றது. ஒரு பொய்யை எடுத்தால் இன்னொன்று கீழே கிடக்கிறதே என்று அருஞ்சுனை நினைத்தார். ஓடலாம் என்றால் வண்டிக்கு முன்னால் வேன் நிற்கிறது. அவர் கை சட்டைப் பைக்குப் போனது. காலையில் முதல் ஈட்டில், பழக்க தோஷத்தில், துரைக்கென்று மடித்து வைத்த காகிதப் பொட்டலம் இன்னும் அங்கேதான் இருந்தது. எண்ணெய் பட்டுக் காகிதம் கண்ணாடியாகியிருந்தது.

அதை எடுத்து மகளுக்கு முன்னால் மண்ணில் வைத்தார். காகிதத்தைப் பிரித்தார், உள்ளே காராச்சேவு.

தங்கச்செல்வி பொட்டலத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். புரிய ஆரம்பித்தது.

அங்கே கூடியிருந்த அத்தனை உயிர்களில், அந்தப் பொட்டலத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது ஒன்றே ஒன்றுதான். துரையின் வால் எழும்பி, சாக்கை இரண்டு தடவை தட்டியது.